சலம் கல்ச்சர் பண்ணக் குடுக்கிறதெண்டா கிளிநொச்சியில இந்த லாப்புக்குப் போங்கோ

5க்கு 4 நட்சத்திரம் போட்டிருக்கிறன். ஒண்டு ஏன் குறைச்சனான் எண்டு பிறகு சொல்லுறன், ஏ9 றோட்டில இப்பிடி வேலை தெரிஞ்ச ஒரு லாப் இருக்கிறது கன சனத்துக்குத் தெரியாது, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

அம்மாக்கு 67 வயசு, சீனி வருத்தமும் இருக்கு. நாங்கள் விசுவமடு. போன வருசம் மட்டும் நாலு தரம் சலக்கடுப்பு வந்தது, முதல் மூண்டு தரமும் ஒரே கதைதான், பாமசியில போய் சலம் எரியுதாம் எண்டு சொன்னா ஒரு சின்னக் கடுதாசிப் பையில சிப்றோ ஆறு குளுசை போட்டுக் குடுப்பினம், அம்மா ரெண்டு நாள் குடிப்பா, எரிவு குறைஞ்ச உடன மிச்சத்தை அலுமாரிக்க வைச்சிடுவா, அடுத்த முறை வரேக்க அதை எடுத்துக் குடிப்பா. டொக்டரின்ர துண்டு இல்லாம அன்ரிபயோட்டிக் விக்கிறது சட்டப்படி பிழை, அது தெரிஞ்சும் அவை குடுத்தவை, நாங்களும் வாங்கினனாங்கள். நாலாவது தரம் வருத்தம் குளுசைக்குக் கேக்கேல்லை. அஞ்சு நாள் குடிச்சும் ராவில ஏழெட்டுத் தரம் எழும்பிறா, ஒருநாள் விடியப்புறம் கக்கூஸ் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுதவா. அதுக்குப் பிறகுதான் டொக்டரிட்ட கொண்டு போனது, அவர் யூரின் கல்ச்சரும் (சலத்தில இருக்கிற கிருமியைத் தட்டில முளைக்க வைச்சுப் பாக்கிறது) ஏபிஎஸ்டியும் (அந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேக்கும் எண்டு பாக்கிறது) எழுதித் தந்தார்.

லாப்பில நிண்ட பிள்ளை துண்டை வாங்கின உடனயே கேட்டது, "அக்கா, அம்மா இப்ப ஏதும் அன்ரிபயோட்டிக் குடிக்கிறாவோ?" நேற்று ராவும் குடிச்சவா எண்டன். அப்ப இண்டைக்கு எடுக்கேலாது எண்டு சொல்லிட்டு, காசு வாங்காம, அதிலயே நிண்டு டொக்டருக்குப் போன் பண்ணிக் கதைச்சது. காய்ச்சல், நாரி நோ, சத்தி ஒண்டும் இல்லாதபடியால் கேக்காத குளுசையை நிப்பாட்டிப்போட்டு மூண்டு நாளால சலம் எடுக்கச் சொன்னார். சலத்தில மருந்து கலந்திருந்தா கிருமி இருந்தாலும் தட்டில முளைக்காது, ரிப்போட்டில ஒண்டுமில்லை எண்டு வரும், காசும் போய் வருத்தமும் கிடக்கும். வாற காசை வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பின லாப்பை நான் முதல்தரம் கண்டது இங்கதான்.

அடுத்தது போத்தில். கிருமி நீக்கின போத்திலைத் தந்து அம்மாவை இருத்தி வைச்சு வடிவா விளங்கப்படுத்தினது அந்தப் பிள்ளை: "அம்மா, முதல் கழுவுங்கோ, முதல் வாற சலத்தை விட்டிட்டு நடுவில வாறதைப் பிடியுங்கோ, மூடியின்ர உள்பக்கம் கை படக்கூடாது." பிடிச்ச சலம் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள லாப்புக்கு வரோணும், ஏலாட்டி பிறிட்ஜில வைச்சு 24 மணித்தியாலத்துக்குள்ள குடுக்கோணும், பிறீசரில வைக்கக்கூடாது. எங்கட வெயிலுக்க, அதுவும் பரந்தன் சந்தியில பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிக்கேக்க போத்திலைக் கையில வைச்சிருந்தா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ, ஈ.கோலை கிருமி வசதியான சூட்டில 20 நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டாகும். தூரத்தில இருந்து வாற ஆக்களுக்கு ஐஸ் பக்கற் வைச்ச சின்ன றெஜிபோம் பெட்டியும் தருகினம், திருப்பிக் குடுத்தாச் சரி. புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவுப் பக்கத்து ஆக்களுக்கு இது பெரிய உதவி.

ரிப்போட் வர மூண்டு நாள் எடுத்தது, அதுக்கு லாப்பைக் குறை சொல்லாதேங்கோ. கிருமி முளைக்க ஒரு நாள், பிறகு எந்த மருந்துக்குச் சாகுது எண்டு பாக்க இன்னொரு நாள் வேணும். ரிப்போட் எடுக்கப் போகேக்க, ஏன் இவ்வளவு மருந்தும் கேக்கேல்லை எண்டு கேட்டன், அந்தப் பிள்ளை மூடி திறக்காமலே தட்டைக் கொண்டுவந்து காட்டினது. வெளிறின மஞ்சள் தட்டு, அதில பொட்டு மாதிரி வெள்ளை வட்டக் கடுதாசிகள், ஒவ்வொண்டிலயும் ஒரு மருந்து. மருந்து கேட்டா அந்தப் பொட்டைச் சுத்தி வெறுமையா ஒரு வட்டம் விழும். சிப்றோப் பொட்டைச் சுத்தி ஒரு நூல் இடம்கூட இல்லை, கிருமி விளிம்பு மட்டும் ஒட்டி முளைச்சுக் கிடக்கு. அம்மா ஒரு வருசமாக் குடிச்ச குளுசை அது. பாத்திட்டு எனக்குக் கதை வரேல்லை.

வந்தது ஈ.கோலை, சலத் தொற்றுகளில கூடுதலா வாறது இதுதான், ஆனா அம்மான்ர ஈ.எஸ்.பி.எல் வகை. பெனிசிலின், செபலெக்சின், செபுறொக்சீம் மாதிரி மருந்துகளை உடைக்கிற நொதியத்தை இந்தக் கிருமி தானே செய்யும், அந்த மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் குடுக்கும். அம்மாவுக்கு மட்டும் வந்த கஷ்டகாலம் எண்டு நினைச்சிருந்தன், பாத்தா உலக சுகாதார நிறுவனம் 2025 இல விட்ட அறிக்கையில, 2023 இல லாப்பில உறுதிப்படுத்தின பக்டீரியாத் தொற்றுகளில 6க்கு 1 மருந்துக்கு அடங்காதது எண்டு கிடக்கு, இலங்கையும் சேந்த தென்கிழக்காசியப் பிராந்தியத்தில அது 3க்கு 1.

ரிப்போட்டில நைற்றோபியூறன்ரொயின் எண்ட மருந்து கேக்கும் எண்டு இருந்தது. அதைப் பாத்து நீங்களாப் பாமசியில வாங்காதேங்கோ. சிறுநீரகம் பழுதான ஆக்களுக்கு அது சரிவராது, வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தக்காரர் எத்தினை பேர் இருக்கினம், டொக்டர் முதல் கிறியற்றினின் (சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற ரத்தச் சோதினை) பாத்துப்போட்டுத்தான் எழுதினவர். சாப்பாட்டோட குடிக்கோணும், சலம் கடும் மஞ்சளாப் போகும், பயப்பிடத் தேவையில்லை. காய்ச்சல், நாரி நோ, சத்தி இருந்தா தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அதுக்கு இந்தக் குளுசை காணாது, ரிப்போட்டுக்கும் பாத்துக்கொண்டு நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ. அம்மா ரெண்டாம் நாளே ராவில நித்திரை கொண்டவா, ஆனா இந்தமுறை டொக்டர் எழுதின அத்தினை நாளும் நான் பக்கத்தில நிண்டு குடிக்கப் பண்ணினனான்.

இனிக் குறை. ரிப்போட் முழுக்க இங்கிலீசில, அம்மா மாதிரி ஆக்களுக்கு ஒரு வரி தமிழில போட்டா என்ன. கல்ச்சருக்குச் சாதாரண சலச் சோதினையான யூஎஃப்ஆரை விட நாலு மடங்கு கிட்டக் காசு, அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசம், ஏலாத ஆக்கள் அங்க கேளுங்கோ. சலம் எடுக்கிற லாப்பின்ர ரொய்லெற்றில சவுக்காரமும் இல்லை, கொண்டியும் சரியாப் போடேலாது, அம்மா உள்ளுக்க போக நான் வெளியில கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அந்த ஒரு நட்சத்திரம் இதுக்குத்தான், திருத்தினா வந்து போடுவன்.

ரிப்போட் இப்ப அம்மான்ர கிளினிக் கொப்பியோட பொலித்தீன் பையுக்க கிடக்கு, எந்த டொக்டரிட்டப் போனாலும் முதல் அதைத்தான் எடுத்து நீட்டுறா.