மந்திரம் பலிக்கவில்லை என்பது மந்திரவாதிக்குத் தெரியுமா? நான்கு வருட அனுபவம்

அஸ்தம்பட்டியில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. எங்களுடையது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. நான்கு வருடமாக நான்தான் மந்திரவாதி.

ஏவிய மந்திரம் அந்த ஆளுக்குப் பொருந்தாததாக இருந்தால் என்ன ஆகும்? 2017இல் வந்த 'சனாதர்ஸ் கைடு டு எவ்ரிதிங்' என்ற விதிப் புத்தகம் விடை சொல்கிறது. ஸ்லாட், அதாவது மந்திரம் ஏவக் கிடைக்கும் வாய்ப்பு, போனது போனதுதான். தடுப்பு உருட்டலில் (மந்திரத்திலிருந்து தப்ப எதிராளி உருட்டும் பகடை) ஜெயித்தால் ஒன்றுமே ஆகாத வகை மந்திரமென்றால், எதிராளி உருட்டி ஜெயித்தது போலவே ஏவியவனுக்குத் தோன்றும். மற்ற வகைகளில், எதுவும் நடக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

எங்கள் கதை ஏற்காடு மாதிரி ஒரு மலையில் நடக்கிறது. காப்பித் தோட்ட மேனேஜர் மேல், ஆளை அசையவிடாமல் கட்டிப்போடும் 'ஹோல்ட் பர்சன்' ஏவினேன். "திமிறிட்டார்" என்றார் கதையை நடத்தும் டிஎம். மறுபடி இரண்டு முறை ஏவினேன், இரண்டு முறையும் திமிறிட்டார். நான்காம் லெவலில் இதற்கு வேண்டிய இரண்டாம் நிலை ஸ்லாட் மூன்றுதான், மூன்றும் காலி. அந்த மேனேஜர் மனிதனே இல்லை, ரத்தக்காட்டேரி. அந்த மந்திரம் மனித வகைக்கு மட்டும்தான். இரண்டு வாரம் டிஎம்முடன் சரியாகப் பேசவில்லை.

அப்புறம் மாட்டியது வேடிக்கை. மேனேஜர் அடிபட்டதாக நடிக்க, எங்கள் பூசாரி பாவம் பார்த்து, காயம் ஆற்றும் 'க்யூர் வூண்ட்ஸ்' போட்டார். 2014 விதிப்படி அது ரத்தக்காட்டேரி போன்ற பிணவகைக்கு வேலை செய்யாது. தடுப்பு உருட்டலும் கிடையாது, அதனால் மறைக்க வழியில்லை. கை வைத்தவருக்கே தெரிந்துவிட்டது.

2003இன் 3.5 பதிப்பு இவ்வளவு கல்நெஞ்சு இல்லை. ஒருவரைக் குறிவைத்து ஏவியதை அவர் தடுத்துவிட்டால் மந்திரவாதிக்கு உணர்வில் தட்டும். ஒரு பரப்பின் மேல் ஏவியதற்குத் தட்டாது. ஆனாலும் எனக்குப் புதியதுதான் பிடித்திருக்கிறது. சந்தேகத்தோடு ஆடும்போதுதான் மந்திரவாதி புத்தியைத் தீட்டுகிறான். புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டும் கஷ்டம். அவர்களுக்காக, ஒரே ஆளிடம் இரண்டு முறை தோற்றால் ஆர்கானா (மந்திர அறிவு) உருட்டிப் பார்க்கலாம் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு.

இந்த விதிக்கு டிஎம் நன்றாக நடிக்க வேண்டும். பொருந்தாத ஆளுக்கு உருட்ட வேண்டியதே இல்லை என்பதால் எங்களவர் முதலில் சும்மா இருந்தார். அவர் மறைப்புக்கு வைத்திருக்கும் அட்டைக்குப் பின்னால் பகடைச் சத்தம் வராததை வைத்தே கண்டுபிடித்துவிட்டோம். இப்போது எதற்கெடுத்தாலும் உருட்டுகிறார். போன வாரம், தட்டுவடை செட்டு வாங்க யார் போவது என்று கேட்டதற்கும் உருட்டினார்.