கொட்டகை சோலாருக்கு வாங்குன டிசி ஐசொலேட்டர், ஒரு வருஷம் ஓட்டிட்டு எழுதுறேன்

ஐசொலேட்டர்னா பேனல்லேர்ந்து ஒரே திசையில ஓடி வர்ற டிசி கரண்ட்டைத் துண்டிக்கிற சுவிட்ச். மன்னார்குடி பக்கம் வயலோரம் வீடு. மாட்டுக் கொட்டகை மேல 540 வாட் பேனல் ஆறு, அந்த டிசியை வீட்டுக்கு வேண்டிய ஏசி கரண்ட்டா மாத்துற இன்வெர்ட்டர் வீட்டுக்குள்ள. ஆறும் சீரிஸ், அதாவது ஒண்ணோட ஒண்ணு வரிசையா கோத்தது, வெயில் ஏறுச்சுன்னா லைன்ல கிட்டத்தட்ட 300 வோல்ட் டிசி நிக்கும். மொதல்ல வந்த வயர்மேன் வீட்டு லைட்டுக்குப் போடுற சாதா எம்சிபியையே (லோடு மீறினா தானா விழுற சுவிட்ச்) கொட்டகையில மாட்டிட்டு சுவிட்சுன்னா சுவிட்சுதாங்கன்னாரு, நானும் தலையாட்டிட்டேன். சம்பா நடவு சமயம் ஒரு மத்தியானம் அதை ஆஃப் பண்றேன், குமிழ் கீழ வந்துருச்சு ஆனா உள்ள கர்ருன்னு சத்தம், பிளாஸ்டிக் கருகுற வாடை, பசு கயித்தைப் பிச்சுக்கிட்டு நிக்குது, ஓடிப்போய் இன்வெர்ட்டரை அணைச்சப்புறம்தான் அடங்குச்சு. வீட்டு ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை சைபரைத் தொட்டுட்டுப் போறதால சுவிட்சுக்குள்ள வர்ற பொறி தானா அணையும், டிசிக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

அப்புறம் தஞ்சாவூர் போயி திருகுற மாடல் டிசி ஐசொலேட்டர் வாங்கினேன், 1000 வோல்ட், 32 ஆம்பியர், ஐபி 66 பெட்டி, அதாவது தூசியும் மழைத் தண்ணியும் உள்ள போகாதது. கடைக்காரர் விலை கம்மின்னு டிசி எம்சிபியையும் காட்டினாரு, ஆனா அதுல பலதுல பிளஸ் மைனஸ் போட்டிருக்கும், மாத்திக் குடுத்தா பொறியை அணைக்காது, நம்ம வயர்மேனை நம்பி அதை எப்படி வாங்குறது. இன்னொன்னு, மேல பெருசா 32ன்னு இருந்தாலும் எத்தனை வோல்ட்டுல 32ன்னு பக்கவாட்டுல பொடி எழுத்துல இருக்கும், வோல்ட் ஏற ஏற ஆம்பியர் இறங்கும், அதைப் படிங்க. எனக்கு ஓடுறது 14க்குள்ளதான், தாராளம்.

திருகுனா டக்குன்னு விழுது, சத்தமில்ல வாடையில்ல. ஆஃப்ல வச்சு பூட்டு மாட்ட ஓட்டை இருக்கு, பேனல் கழுவ ஏறும்போது சாவி என் மடியில. ஆனா ஆஃப் பண்ணாலும் பேனல்லேர்ந்து சுவிட்ச் வரைக்கும் வயர்ல வெயில் இருக்குறவரை கரண்ட் இருக்கும், வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இன்வெர்ட்டர் பக்கத்துலயும் இதே மாதிரி ஒண்ணு போட்டாச்சு, ஒவ்வொரு தடவையும் கொட்டகைக்கு ஓட முடியாதுல்ல.

குறைன்னா கிளாண்டு (வயர் நுழையுற ஓட்டையை இறுக்கி அடைக்கிறது) கூட வரல, தனியா வாங்கணும். 6 ஸ்கொயர் எம்எம் வயரை உள்ள வளைக்குறதுக்குள்ள விரல் நோவுது. வயர்மேன் மேல்பக்கம் ஓட்டை போட்டுட்டாரு, ஐப்பசி மழையில தண்ணி இறங்கி ஐபி 66ஆவது ஒண்ணாவது, பெட்டியை மட்டும் புதுசா வாங்கி கீழ்ப்பக்கமா வயர் விட்டு தாழ்வார நிழல்ல மாட்டினதுலேர்ந்து உள்ள காய்ஞ்சு கிடக்கு.