அடுக்குமொழியா, பேச்சுவழக்கா?

தமிழ்நாட்டு அரசியல் மேடையில் இரண்டு பாணிகளுக்குள் பழைய போட்டி ஒன்று உண்டு. எதுகை மோனையோடு செந்தமிழில் அடுக்கிப் பேசுவது ஒன்று. அண்ணா அதன் முகம். வீட்டில் பேசுகிற மாதிரியே மைக்கிலும் பேசுவது மற்றது. அதற்குப் பெரியாரும் காமராஜரும்.

அடுக்குமொழி வெறும் அலங்காரம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டத்துக்குத் தாமதமாக வந்த அண்ணா, “மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை” என்று தொடங்கி, உதயசூரியனில் முத்திரை இடச் சொன்னதாக இன்றும் சொல்வார்கள். நேரமானதை ஒப்புக்கொண்டாயிற்று, தூங்கி வழிந்தவர்களை எழுப்பியாயிற்று, ஓட்டும் கேட்டாயிற்று. எங்கே கைதட்டுவது என்பதை எதுகையே காட்டிக்கொடுக்கும். அதைவிட முக்கியம், புலவர்களிடம் இருந்த நடை தெருமுனைக்கு வந்து தன்னைப் பார்த்துப் பேசும்போது, கேட்பவருக்குத் தானும் ஒரு படி உயர்ந்த மாதிரி இருக்கும். குள்ளமான உருவம், கரகரத்த குரல் எல்லாம் அப்புறம் யார் கண்ணில் படும்?

பெரியாரும் மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் நான் சொல்வதற்காக நம்பாதீர்கள், நீங்களே யோசியுங்கள் என்பது அவர் வழக்கம். அதை எதுகையில் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. சந்தத்தில் சொக்கிப்போனவர் எங்கே யோசிக்கப்போகிறார்? காமராஜர் இன்னும் சுருக்கம். ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்பார், அவ்வளவுதான். இந்தப் பாணிக்குக் கைதட்டல் குறைவு. கூட்டம் சப்பென்று போனதாகக் கட்சிக்காரர்களுக்கே தோன்றும். ஆனால் இந்த ஆள் எதையும் பூசி மெழுகவில்லை என்ற எண்ணம் கேட்டவர் மனதில் தங்கிவிடும்.

சரி, எது ஜெயிக்கும்? 1967-இல் விருதுநகரில் தோற்ற காமராஜர், 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்றார். இடையில் அவர் பேசும் விதம் மாறிவிடவில்லை. 1967-இல் அரிசித் தட்டுப்பாடும், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அரசு அடக்கிய விதமும் மக்களைக் கொதிக்க வைத்திருந்தன. அங்கே பேச்சு எம்மாத்திரம்? பேசுகிறவர் எப்படிப்பட்டவர் என்ற எண்ணத்தைத்தான் பாணி உண்டாக்கும். ஓட்டுக்கு அது மட்டும் போதாது.

இருந்தாலும் எனக்கென்று ஒரு தீர்ப்பு உண்டு. ஏற்கெனவே நம் பக்கம் நிற்பவர்களுக்கு உற்சாகம் ஏற்ற அடுக்குமொழி. மதில்மேல் பூனையாக இருப்பவரை இழுக்கப் பேச்சுவழக்கு. கைபேசித் திரையில் முகத்துக்கு அருகே பார்க்கிற காலத்தில் இரண்டாவதற்கே மவுசு அதிகம். ஆனால் நகலெடுப்பதில் விஷயம் தலைகீழ். அடுக்குமொழியைப் பயிற்சி செய்து ஓரளவு பிடித்துவிடலாம், சரக்கு இல்லாவிட்டாலும் ஓசையாவது மிஞ்சும். எளிமையாகப் பேசுவதாக நடிப்பவரைக் கூட்டம் இரண்டு வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடும்.