நோயாளி வீட்டில் எதை வாசிப்பது: யோவான் 5ஆ, 9ஆ?

யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர்ப் பக்கம் நோயாளி வீட்டுக்குச் செபிக்கப் போகும்போது இந்த இரண்டில் எதை எடுக்கலாம்?

யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், 38 வருடம் நோயுற்றுக் கிடந்தவர் பெத்சதா குளத்தருகே எழுந்து நடக்கிறார். பிறகு கோவிலில் அவரைக் கண்ட இயேசு, இனிப் பாவம் செய்யாதே என்கிறார். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நோயாளியைக் குற்றவாளியாக்குவது சுலபம். அதைச் சொன்னது குணமாக்கிய பிறகுதான் என்பதை மறந்துவிடுகிறோம்.

9ஆம் அதிகாரத்தில் இருப்பவர் பிறவியிலேயே பார்வையற்றவர். இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்களே கேட்கிறார்கள். நம் ஊரில் “ஆர் செய்த பாவமோ” என்று முற்றத்தில் நின்று பெருமூச்சு விடுவதும் இதே கேள்விதான். இயேசு இரண்டையும் மறுக்கிறார்; கண்ணில் சேறு பூசி, சிலோவாம் குளத்தில் கழுவ அனுப்புகிறார். நடக்க இயலாத பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு முன்னால் நான் 9ஐத்தான் திறப்பேன். நோயாளியே கேட்டால் 5ஐ வாசிக்கலாம், சரி.