டைரக்ட், பேஸ்–ட்ரெபிள், லவுட்னஸ்: புதிய ஆம்ப்ளிஃபையரில் எதை நம்புவது?

ஹை-ஃபை ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் புதிதாக வாங்குபவர் முதல் நாளிலேயே ஒரு தேர்வைச் செய்ய வேண்டியிருக்கிறது. யமஹா ஏ-எஸ் 501 போன்ற ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டால், அதன் முகப்பில் பேஸ் (தாழ்ந்த ஒலிகளுக்கு), ட்ரெபிள் (உயர்ந்த ஒலிகளுக்கு), லவுட்னஸ் (மெதுவாகக் கேட்கும்போது சமநிலை காக்க) ஆகிய குமிழ்களும், அவற்றையெல்லாம் ஒரே அழுத்தில் ஒலியின் பாதையிலிருந்து விலக்கிவிடும் ‘ப்யூர் டைரக்ட்’ பொத்தானும் இருக்கின்றன. மராண்ட்ஸ், டெனான் கருவிகளில் இந்த வசதிக்கு ‘சோர்ஸ் டைரக்ட்’ என்று பெயர். டைரக்டை அழுத்திவிட்டு மற்றவற்றை மறந்துவிடுங்கள் என்பதே ஆர்வலர்கள் பலரும் வழங்கும் அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒலிப்பதிவில் ஒரு குறை இருக்கலாம், அறையில் ஒரு குறை இருக்கலாம், மெதுவாகக் கேட்பதால் நம் செவியிலேயே ஒரு குறை நேரலாம். எந்தக் குறை என்று கண்டுகொண்ட பிறகுதான் எந்தக் குமிழ் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

டைரக்டுக்கு ஆதரவான வாதத்தை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். டோன் குமிழ்கள் நடுப்புள்ளியில் நின்றாலும் ஒலிக்குறிப்பு (சிக்னல்) அந்தச் சுற்றின் வழியாகத்தான் போகிறது. இடது, வலது பக்கங்களுக்கான பொட்டென்ஷியோமீட்டர்கள் (குமிழின் பின்னுள்ள மாறுமின்தடைகள்) நூற்றுக்கு நூறு ஒத்திருப்பதில்லை என்பதால், இரு ஸ்பீக்கர்களுக்கும் இடையே டெசிபலின் சிறு பின்னம் அளவுக்கு வேறுபாடு எழ இடமுண்டு. டைரக்ட் இதை நீக்குகிறது. ஆனால், நன்கு வடிவமைக்கப்பட்ட கருவியில் இந்த வேறுபாடு ஸ்பீக்கரை ஒரு சாண் நகர்த்துவதால் ஏற்படும் மாற்றத்தை விடப் பன்மடங்கு சிறியது. ‘பதிவு செய்தவர் கேட்ட ஒலியை அப்படியே கேட்கிறோம்’ என்ற வாதம் இன்னும் பலவீனமானது; அவர் கேட்டது அவருடைய அறையில், அவருடைய ஸ்பீக்கரில், அவர் விரும்பிய ஒலியளவில். ஆகவே டைரக்டை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்வதே எனக்குச் சரியெனப் படுகிறது: புதிய கருவியில் முதல் சில வாரங்கள் அதிலேயே கேட்டு, எது குறைகிறது, எது மிகுகிறது என்று தெளிந்த பிறகு குமிழ்களைத் தொடலாம்.

பேஸ், ட்ரெபிள் குமிழ்களின் பின்னுள்ள சுற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்துப் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1952-இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட, வெளியீட்டின் ஒரு பகுதியை எதிராகத் திருப்பிச் செலுத்தும் எதிர்ப்பின்னூட்டச் சுற்றும் அதன் வழிவந்த வடிவங்களுமே இன்றைய ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் இருக்கின்றன. தாழ்ந்த அதிர்வெண்களை ஒரு குமிழும் உயர்ந்தவற்றை இன்னொன்றும் ஒரு தட்டைப் போல மொத்தமாக ஏற்றி இறக்கும். வழக்கமான வரம்பு இருபுறமும் சுமார் 10 டெசிபல். நடுப்பகுதி பெரும்பாலும் தீண்டப்படாமல் இருக்கும் என்பதே இச்சுற்றின் சிறப்பு. ஒலிப்பதிவின் குறைகளைத் திருத்த இதைவிட எளிய கருவி வேறில்லை. பழைய நாடாப் பதிவில் இரைச்சல் கூடுதலாக இருந்தால் ட்ரெபிளை 3 டெசிபல் அளவுக்குக் குறைக்கலாம். மெலிந்து ஒலிக்கும் பழைய திரையிசைப் பதிவுக்கு பேஸை 2 அல்லது 3 டெசிபல் கூட்டலாம். அடுத்த ஆல்பத்துக்குப் போகும்போது நடுப்புள்ளிக்குத் திருப்பிவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கூட்டுவதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஆம்ப்ளிஃபையர் தர வேண்டிய திறன் ஏறத்தாழ இருமடங்காகிறது. 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு, 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. பேஸின் உச்சங்களுக்கு 20 வாட் கேட்டுக்கொண்டிருந்த இசை, 6 டெசிபல் கூட்டியவுடன் 80 வாட் கேட்கும். 50 வாட் கருவியால் அதைத் தர இயலாது, அலையின் முனைகள் வெட்டுப்படும், அப்படி வெட்டுப்பட்ட ஒலி நீடித்தால் ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் எரியவும் கூடும். பேஸ் போதவில்லை என்று தோன்றும்போது ட்ரெபிளைச் சற்றே குறைத்துப் பார்ப்பது பல நேரங்களில் அதே சமநிலையைச் செலவில்லாமல் தந்துவிடுகிறது.

லவுட்னஸ் குறித்துத்தான் மிகுதியான தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. வீட்டில் கேட்பவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியதும் அதுவே என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். ஒலியளவு குறையும்போது நம் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே விகிதத்தில் இழப்பதில்லை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வளைவுகளாக வெளியிட்டனர்; அவ்வளைவுகளின் திருத்தப்பட்ட வடிவம் 2003-இல் ஐஎஸ்ஓ 226 என்ற பன்னாட்டுத் தரநிலையில் இடம்பெற்றது. அதன்படி, 1000 ஹெர்ட்ஸில் 80 டெசிபலாக உள்ள ஒலிக்கு இணையாகக் கேட்க 100 ஹெர்ட்ஸில் சுமார் 92 டெசிபல் வேண்டும். அதையே 40 டெசிபலுக்குக் குறைத்தால் 100 ஹெர்ட்ஸில் சுமார் 64 டெசிபல் வேண்டும். முன்பு 12 டெசிபலாக இருந்த இடைவெளி 24 ஆகிவிடுகிறது. இரவில் வீட்டார் உறங்கும் நேரத்தில் மெதுவாகக் கேட்கையில் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கம்) காணாமல் போய் வலந்தலையின் சொற்கள் மட்டும் எஞ்சி நிற்பதற்குக் காரணம் இதுவே.

இதற்கான தீர்வு இரண்டு வடிவங்களில் வருகிறது. வெறும் பொத்தானாக வரும் லவுட்னஸ் ஒரு குறிப்பிட்ட அளவு பேஸையும், பல கருவிகளில் ட்ரெபிளையும் கூட்டுகிறது. நம் அறையில் உண்மையான ஒலியளவு எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. பழைய கருவிகளில் அது வால்யூம் குமிழின் நிலையைச் சார்ந்திருந்தது. ஆனால் 2 வோல்ட் அளவுக்கு வலுவான ஒலிக்குறிப்பைத் தரும் சிடி பிளேயரை இணைத்தால் குமிழ் காற்பங்கு திரும்புவதற்குள்ளேயே ஒலி உரத்துவிடுவதால், கூடுதல் பேஸ் தேவையில்லாத இடத்திலும் அது கூட்டிக்கொண்டே இருக்கும். லவுட்னஸுக்குக் கெட்ட பெயர் வந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. யமஹாவின் தொடர்மாற்றக் குமிழ் வேறு வழியில் இயங்குகிறது. முதலில் அதை ‘ஃப்ளாட்’ நிலையில் நிறுத்தி, நாம் கேட்கக்கூடிய மிக உரத்த அளவுக்கு வால்யூமை வைக்க வேண்டும். பின்னர் வால்யூமைத் தொடாமல் லவுட்னஸ் குமிழைத் திருப்பியே ஒலியைக் குறைக்க வேண்டும். இங்கே பேஸ் கூட்டப்படுவதில்லை. நடுப்பகுதி கூடுதலாகக் குறைக்கப்படுகிறது. எனவே ஆம்ப்ளிஃபையருக்குச் சுமையும் ஏறுவதில்லை. இந்த முறையைப் படிக்காமல், வால்யூமை வழக்கம் போல் வைத்துவிட்டு லவுட்னஸைத் திருப்பி ‘ஒலி குறைகிறதே’ என்று கைவிட்டவர்கள் கட்டாயம் மீண்டும் முயன்று பார்க்க வேண்டும். ஒரே குறை, ப்யூர் டைரக்ட் இயங்கும்போது இந்தக் குமிழும் செயலிழக்கும் என்பது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இரவு நேரத்துக்கு நான் தயங்காமல் லவுட்னஸையே தேர்ந்தெடுப்பேன்.

அறையின் குறைக்கு முன்னால் இம்மூன்றும் தோற்கின்றன. 4 மீட்டர் நீளமுள்ள அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகிலும், 3 மீட்டர் அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி தேங்கி எழும்; சிமென்ட் சுவர்களும் கான்கிரீட் கூரையும் உள்ள நம் வீடுகளில் அது வெளியேறவும் வழியில்லை. அந்த ஒரு முழக்கத்தை அடக்க பேஸ் குமிழைக் குறைத்தால், 100 ஹெர்ட்ஸைத் தாண்டி ஆண் குரலின் அடித்தளம் வரைக்கும் சேர்ந்து மெலிந்துவிடும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்துவது, உட்காரும் இடத்தைப் பின்சுவரிலிருந்து முன்னே கொண்டுவருவது ஆகியவை எந்தக் குமிழுக்கும் முந்தியவை. அதற்கும் அடங்காத முழக்கத்தை, மைக்ரோஃபோனால் அளந்து திருத்தும் டிராக் லைவ் போன்ற மென்பொருளால் குறிவைத்துக் குறைக்க முடியும். அறை விழுங்கிவிடும் அதிர்வெண்ணை மட்டும் அதனாலும் மீட்க இயலாது.

எதை ஒப்பிட்டாலும் ஒலியளவைச் சமன் செய்துவிட்டே ஒப்பிட வேண்டும். 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பதையே செவி ‘தெளிவானது’ என்று எடுத்துக்கொள்ளும். பேஸ் கூட்டிய நிலையையும் டைரக்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு முடிவெடுப்பவர்கள் பலர் உண்மையில் ஒப்பிடுவது உரப்பைத்தான்.

ரேகா பிரியோ போல டோன் குமிழே இல்லாத கருவியை வாங்கியவர்களுக்கும் வழி அடைபடவில்லை. கணினியிலோ ஸ்ட்ரீமரிலோ உள்ள ஈக்வலைசர் இதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்யும். அங்கே பேஸை 4 டெசிபல் கூட்டினால், டிஜிட்டல் உச்சவரம்பை ஒலி மீறிவிடாதபடி மொத்த அளவை முன்கூட்டியே 4 டெசிபல் குறைத்துக்கொள்ள வேண்டும்.