இனுயாஷா 56: கடைசித் தொகுதியை எந்தப் பதிப்பில் வாங்குவது?

றுமிகோ தக்காஹாஷியின் மங்கா (யப்பானியப் படக்கதை) 'இனுயாஷா' 1996 முதல் 2008 வரை யப்பானில் வாராவாரம் 558 அத்தியாயங்களாக வந்தது. புத்தகமாக 56 தொகுதிகள். கடைசித் தொகுதி யப்பானில் வெளியானது 2009இல். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஆங்கிலப் பதிப்பைத் தருவிப்பவர்கள், கதையைப் பற்றி யோசிக்கமுன் பக்கத் திசையைப் பார்க்கவேண்டும்.

தனித்தொகுதிகளில் முதல் 37ஐயும் கண்ணாடியில் தெரிகிற மாதிரிப் படங்களைத் திருப்பி, இடமிருந்து வலமாக அச்சிட்டார்கள். 38இலிருந்து மூலத்தைப் போலவே வலமிருந்து இடம். இதே கதையின் அனிமேயில் (அசைபடத் தொடர்) முதல் 167 பகுதிகளும் ஏறத்தாழ 36ஆம் தொகுதியோடு நின்றுவிடுவதால், அங்கிருந்து புத்தகத்துக்கு வருபவர்தான் வசமாக மாட்டுவார். இரண்டு தொகுதி வரைக்கும் துறவி மிரோக்குவின் காற்றுத்துளை (எதையும் உறிஞ்சிக்கொள்ளும் கைத்துளை) இடக்கையில் இருக்கும்; மூன்றாவதில் வலக்கைக்குப் போய்விடும். கதாநாயகன் இனுயாஷாவின் அண்ணன் செஷ்ஷோமாரு இழந்தது எந்தக் கை என்றும் குழப்பம் வரும். மூலத்தில் துளை வலக்கையில், வெட்டுப்பட்டது இடக்கை.

இந்தத் தொல்லை வேண்டாமென்றால் விஸ்பிக் (VIZBIG) என்கிற ஆங்கிலத் தொகுப்புப் பதிப்பு. 56 தொகுதிகளும் 18 புத்தகங்களுக்குள் அடக்கம், எல்லாம் மூலத் திசையில், தாளும் பெரிது. மும்மூன்றாகக் கட்டினால் 54தானே வரும். மிச்சத்தைக் கடைசியில் சேர்த்திருப்பதால் 18ஆவது புத்தகம் நல்ல தடிப்பு. பசை போட்ட முதுகு. எடுத்தவுடன் நடுவில் விரித்து அமத்தினால் வெடிக்கும். முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம் என்று பத்துப் பதினைந்து தாளாக நீவி இளக்கியபிறகு வாசியுங்கள். மாரி தொடங்கமுன் சுவரோடு ஒட்டிய தட்டில் இருந்து எடுத்துவிடுவதும் நல்லது; ஈரச்சுவர் வழியே கறையான் ஏறினால் பெட்டியோடு போகும்.

இனிக் கதை. முடிவு தெரியவேண்டாம் என்பவர்கள் இங்கே நிறுத்தலாம்.

56இன் முன்பாதி, வில்லன் நரகுவின் உடலுக்குள்ளேயே நடக்கிறது. 53இலிருந்து இழுபட்ட சண்டை இது. தசையும் புகையும் நிறைந்த கட்டங்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாத பக்கங்கள். ஒரு தொகுதியாவது குறைத்திருக்கலாம். சண்டை முடிந்தபின் வருகிற பொறிதான் இந்தப் புத்தகத்தின் சரக்கு. கேட்டதைத் தரும் ஷிகோன் மணி, கிணற்றுக்குள்ளால் பழைய காலத்துக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளை ககோமேயை இருளுக்குள் அடைத்து, ஒரு விருப்பத்தைக் கேள் என்கிறது. வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவள் வாய் திறந்தால் போதும், நரகுவோடு மணிக்குள் என்றென்றும் பொருதிக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். அவள் கேட்கவில்லை. இனுயாஷா வந்து சேரும்வரை பயத்தோடு வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள். பிறகு கேட்பது ஒன்றே ஒன்று: மணி இல்லாமற் போகவேண்டும். ஐம்பத்தைந்து தொகுதிகளாக ஆளாளுக்கு ஆசைப்பட்டு அழிந்த பொருளுக்கு இதைவிடச் சரியான கணக்குத் தீர்ப்பு இல்லை. காதல் கதையாகவும் இதுதான் உச்சம். 'நீ வருவாய்' என்ற நம்பிக்கையைத் தவிர அவளிடம் வேறு ஆயுதம் இல்லை.

அதன்பின் அவள் வந்துபோன கிணறு மூடி மூன்று வருடம். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றுக்கு அடியில்லை என்ற கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்குக் கிணற்றுக்குள்ளால் வேறொரு காலத்துக்குப் போவதை நம்ப அதிக நேரம் எடுக்காது. இங்கே ஆசிரியர் பேச்சை நன்றாகக் குறைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் முடித்த ககோமே கிணற்றடிக்கு வருகிறாள், உள்ளே வானம் தெரிகிறது, மேலேயிருந்து ஒரு கை நீள்கிறது. அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டாதீர்கள்.

குறை, கடைசி அத்தியாயத்தின் அவசரம். சாங்கோ, மிரோக்கு தம்பதிக்கு மூன்று பிள்ளைகள், மூதாட்டி கயேதேயின் ஊரில் விடப்பட்ட சிறுமி ரின், ஊர் ஊராக அலையும் சாங்கோவின் தம்பி கொஹாக்கு என்று எல்லோரையும் சில பக்கங்களில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறது. ககோமே தாயைப் பிரிகிற இடத்துக்கு இன்னும் நாலு பக்கம் கொடுத்திருக்கலாம்.

2009–10இல் வந்த 26 பகுதி அனிமேயில் முடிவை ஏற்கெனவே பார்த்தவர்களுக்கும் புத்தகம் வீணில்லை. இருபது தொகுதிக் கதையை அந்த 26 பகுதிக்குள் அடைத்ததில் உதிர்ந்தவை நிறைய. ஆனால் 56ஐ மட்டும் தனியே வாங்காதீர்கள். குறைந்தது 53இலிருந்து கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் முதற்பக்கத்திலேயே யார் யாரை ஏன் வெட்டுகிறார்கள் என்று விளங்காது.