வடிவமைப்பு ஆலோசனைக் குழு: யாரை உட்கார வைப்பது, யார் காசில்?

பெரிய குடியிருப்புக் கட்டடம் ஒன்றுக்கு அனுமதி கேட்டு ப்ளான் வருகிறது. உயரம், செட்பேக் (மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி), பார்க்கிங் கணக்கு எல்லாம் விதிப்படி சரி. ஆனால் தெருவைப் பார்த்த தரைத்தளம் முழுக்க கார் நிறுத்துமிடத்தின் மொட்டைச் சுவர். அதைத் தப்பு என்று சொல்ல விதி இல்லை. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு மனசு உறுத்தினாலும் வாதாடப் பயிற்சி இல்லை. இந்த இடத்துக்காகத்தான் பல ஊர்களில் சுயேச்சையான வடிவமைப்பு ஆலோசனைக் குழு அமைக்கிறார்கள். கட்டடக் கலைஞர், நகர வடிவமைப்பாளர், நிலத்தோற்ற வடிவமைப்பாளர், போக்குவரத்து தெரிந்தவர் என நாலைந்து பேர் ப்ளானைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். முடிவு உள்ளாட்சியின் கையில்தான்.

குழு வேண்டும் என்பதில் பெரிதாகச் சண்டை வருவதில்லை. எந்த மாதிரிக் குழு என்பதில்தான் வருகிறது.

முதலில் தோன்றுவது உள்ளூர்க்காரர்களை வைத்து அமைப்பது. அமெரிக்காவின் சியாட்டில் 1994இல் இப்படித்தான் தொடங்கியது. நகரைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தன்னார்வலர் குழு. வடிவமைப்பாளரோடு கட்டுநர், வியாபாரி, குடியிருப்பவர் ஆகியோர் சார்பிலும் ஆட்கள். செலவு குறைவு. எந்த முனையில் பஸ் நெரிசல், எந்தத் தெருவில் மழைநீர் தேங்கும் என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சிக்கலும் அதே இடத்தில்தான். உள்ளூர்க் கட்டடக் கலைஞருக்கு அந்த ஊர்தான் பிழைப்பு. இன்று ப்ளானோடு எதிரே நிற்பவர் நாளை குழுவில் உட்காருவார். தன்னுடைய ப்ளான் வரும்போது உறுப்பினர் அறையை விட்டு வெளியே போகிறார், சரி. உள்ளே மிச்சம் இருப்பவர்கள் அவருடைய நண்பர்கள்தானே? தவிர, கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு வீடு கட்டுவதையே இழுத்தடிக்கிறார்கள் என்ற புகார் அங்கே வலுத்தது. வாஷிங்டன் மாநிலம் 2023இல் சட்டமே கொண்டுவந்தது: வடிவமைப்பு விதிகள் தெளிவாகவும் புறவயமாகவும் இருக்க வேண்டும், வடிவமைப்புப் பரிசீலனையில் பொதுக்கூட்டம் ஒன்றுக்கு மேல் கூடாது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். 1983இல் அமைத்த குழுவில் வெளியூர் நிபுணர்களையே உட்கார வைத்தார்கள். ஜெர்மன் மொழி பேசும் பல ஊர்கள் பிறகு இதே வழியை எடுத்துக்கொண்டன. இந்த மாதிரியின் உயிர்நாடி ஒரு விதி: குழுவில் இருக்கும்வரை, பல ஊர்களில் அதற்குப் பிறகும் சில காலம், உறுப்பினர் அந்த ஊரில் வேலை எடுக்கக் கூடாது. அடுத்த கான்ட்ராக்ட் யார் தருவார் என்ற கணக்கு இல்லாதவர் வாயிலிருந்துதான் "இந்த ப்ளான் சரியில்லை" என்ற சொல் கூசாமல் வரும். சில ஊர்களில் பொதுமக்கள் முன்னிலையிலேயே குழு கூடுகிறது. கட்டுநர் கட்டடத்தின் மாதிரி உருவத்தைக் காட்டுவார், உறுப்பினர்கள் அங்கேயே கேள்வி கேட்பார்கள், பின்வரிசையில் கவுன்சிலரும் பக்கத்துத் தெருக்காரரும் உட்கார்ந்திருப்பார்கள். மூடிய அறையில் "பரவாயில்லை, விடுங்க" என்று முடிகிற பல விஷயங்கள் இங்கே அப்படி முடிவதில்லை. குறை என்றால், வெளியூர் ஆள் வருஷத்துக்குச் சில தடவைதான் வர முடியும். பயணச் செலவு, மதிப்பூதியம் உண்டு. ஊரும் தெரியாது. அதனால் கூட்டத்தன்று காலையில் மனையைச் சுற்றி நடக்க வைக்காமல் குழுவைக் கூட்டுவது வீண்.

இங்கிலாந்தின் கதையில் கவனிக்க வேண்டியது காசு. அங்கே 1924லேயே கட்டடங்களின் தோற்றம் பற்றி ஆலோசனை சொல்ல அரசக் கலை ஆணையம் ஒன்று இருந்தது. 1999இல் அதன் இடத்தில் கேப் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஆணையம் வந்தது. அரசு நிதியை நிறுத்தியதும் 2011இல் அது டிசைன் கவுன்சில் என்ற இன்னொரு வடிவமைப்பு அமைப்போடு இணைந்தது. அப்புறம் உள்ளூர்க் குழுக்கள் பெருகின. பெரும்பாலும் விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்கித்தான் ஓடுகின்றன. உள்ளாட்சிக்குக் கையிலிருந்து செலவில்லை என்பதால் கவர்ச்சியான ஏற்பாடு. ஆனால் குழுவை நடத்தும் அமைப்புக்கு ஒவ்வொரு ப்ளானும் வருமானம் என்றாகும்போது, "இன்னொரு தடவை கொண்டு வாருங்கள்" என்று சொல்வதில் ஓர் ஆதாயம் ஒட்டிக்கொள்கிறது. எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. சந்தேகம் எழ இடம் இருந்தாலே குழுவின் பேச்சு எடுபடாது. கட்டணம் வாங்கலாம், உள்ளாட்சியின் பொதுக் கணக்கில் போகட்டும். மறுபார்வைக்குத் தனிக் கட்டணம் வேண்டாம்.

குழுவே வேண்டாம், ஒரே ஒருவர் போதும் என்பது பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் வழி. 1999இல் அங்கே அரசுக்கென்று தலைமைக் கட்டடக் கலைஞர் பதவி வந்தது. பொதுக் கட்டடங்களுக்கு நல்ல வடிவமைப்பாளரைத் தேர்ந்தெடுக்க இது அருமையான ஏற்பாடு. தனியார் ப்ளான்களை நாள்தோறும் பார்க்க ஒருவருடைய ரசனையை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்ட அதிகாரமே கொடுத்துவிட்டால்? டெல்லி நகர்ப்புறக் கலை ஆணையம் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அது பார்க்க வேண்டிய திட்டங்களை உள்ளாட்சி அனுப்பியே ஆக வேண்டும். ஒப்புதல் தரவும் மறுக்கவும் அதற்கு முடியும். தலைநகருக்கு அது பொருந்தலாம். சாதாரண ஊரில் அதிகாரம் கொடுத்த மறுநாளே குழு ஆலோசனை என்ற நிலையிலிருந்து இறங்கி, இன்னொரு அனுமதி கவுண்ட்டர் ஆகிவிடும். வக்கீலோடு வருபவரிடம் யாரும் மனம் விட்டு வடிவமைப்பு பேச மாட்டார்கள்.

எந்த மாதிரியை எடுத்தாலும் அதை வாழ வைப்பதோ சாகடிப்பதோ, ப்ளான் எப்போது குழுவின் மேசைக்கு வருகிறது என்பதுதான். ஸ்ட்ரக்சுரல் வரைபடம் முடிந்து, கடனும் வாங்கி, விற்பனை விளம்பரமும் போட்ட பிறகு வந்தால் குழுவால் மாற்ற முடிவது பெயின்ட் நிறம் மட்டும். பென்சில் கோடாக இருக்கும்போதே வந்தால் படிக்கட்டை நகர்த்தலாம், வாசலைத் திருப்பலாம். விண்ணப்பம் போடும் முன்பே ஒரு பார்வை, தேவைப்பட்டால் பிறகு இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம்.

குழு எழுதித் தரும் குறிப்பும் அப்படித்தான். "முகப்பு இன்னும் உயிரோட்டமாக இருக்கலாம்" என்று எழுதினால் கட்டுநர் நாலு பூந்தொட்டி வைத்துவிட்டுப் போவார். "தெருப் பக்கம் முழுவதும் சுவர், கார் நுழைவைப் பின் சந்துக்கு மாற்றி, முன்னால் இரண்டு கடைகளும் குடியிருப்பவர்களின் வாசலும் வையுங்கள், குப்பை அறைக் கதவு நடைபாதை மேல் திறக்கக் கூடாது" என்று எழுதினால் அதிகாரி கையில் பிடிமானம் கிடைக்கும். இது ரசனையா விதியா என்ற தகராறைக் குறைக்க நெதர்லாந்து 2004இல் ஒரு வழி கண்டது. தோற்றத்தை எந்த அளவுகோலால் பார்ப்போம் என்று உள்ளாட்சி முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும் என்று அப்போது விதித்தது. அதில் இல்லாததை வைத்துக் குழு மறுப்புச் சொல்ல முடியாது என்பது அந்த ஏற்பாடு. எந்த மாதிரிக் குழுவுக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

என் தேர்வு சால்ஸ்பர்க் வழிதான், ஒரு திருத்தத்தோடு. நாலைந்து சிறிய ஊர்கள் சேர்ந்து ஒரே குழுவை வைத்துக்கொண்டால் செலவு பங்காகும், கூடும் ஒவ்வொரு தடவையும் பார்க்கப் போதுமான ப்ளான்கள் இருக்கும். ஐவரில் ஒருவர் மட்டும் அந்த வட்டாரத்தை நன்றாக அறிந்தவர், அங்கே தொழில் செய்யாதவர். ஓய்வு பெற்ற நகரமைப்பு அதிகாரி என்றால் நல்லது. உறுப்பினருக்கு மூன்றாண்டு, அதிகபட்சம் இரண்டு தடவை. எல்லோரும் ஒரே நாளில் மாறாமல் படிப்படியாக மாற வேண்டும். பெரிய நகரம் என்றால் தனக்கென்றே ஒரு குழு வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் தொழில் தடை விதியில் கை வைக்கக் கூடாது.

குழுவுக்கு வீட்டோ, அதாவது ப்ளானைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம், வேண்டாம். ஆனால் கவுன்சில் முன் போகும் அறிக்கையில் குழுவின் குறிப்பு முழுசாக இருக்க வேண்டும், ஏற்கவில்லை என்றால் ஏன் என்று அதிகாரி எழுத வேண்டும். அந்த ஒரு பத்தியை எழுதுவதற்குச் சோம்பல்பட்டே பல ஆலோசனைகள் ஏற்கப்பட்டுவிடும்.